பிரித்துத் தந்ததைக் கலக்காதீர்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஏ9 வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிரவல் றோட்டில் நான்கு கிலோமீற்றர் உள்ளே வந்தால் எங்கள் ஒழுங்கை. 14 வீடுகள். ஒழுங்கை முடிகிற இடத்தில் குளத்து வாய்க்கால், அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் காடு. கடைசி வீடு என்னுடையது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவள் நான்.

2025 மே 6ஆம் திகதி உங்களைத் தெரிவு செய்தோம். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் சபையில் மக்கள் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லை. அதனால் நீங்கள் வந்ததில் எங்களுக்கு உண்மையான சந்தோசம் இருந்தது. வந்து இரண்டு மாதத்தில், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கைக்குள் வந்து, உக்குவதை ஒரு பையில், பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் ஒரு பையில், போத்தலும் தகரமும் ஒரு பையில் போட்டு வையுங்கள், செவ்வாய்க்கிழமை தோறும் எடுப்போம் என்று சொல்லிப் போனபோது அந்தச் சந்தோசம் இன்னும் கூடியது.

அன்று பின்னேரமே எங்கள் வேப்பமரத்தடியில் கூடினோம். வெறும் உரப்பைகளைக் கழுவி, வீட்டுக்கு மூன்று என்று பங்கிட்டோம். பால்மா பைக்கற்றை வெட்டி விரித்து, அலசி, உடுப்போடு உடுப்பாகக் கொடியில் காயப்போட்டோம். முன்வீட்டு மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. மீன்ரின்னைத் திறந்தால் அந்த மூடியைக் கல்லால் தட்டி உள்ளுக்கு மடக்கிவிட்டுத்தான் பையில் போடுவார். "எடுக்கிற பிள்ளையளின்ரை கை வெட்டுப்படுமெல்லே" என்பார்.

ஐந்தாவது செவ்வாய் நான் தோட்டத்துக்குப் போகாமல் படலையடியில் நின்றேன். உழவு இயந்திரம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குமேல் நின்ற தம்பி ஒவ்வொரு பையாக வாங்கினான், கட்டை அவிழ்த்தான், மூன்றையும் ஒரே குவியலில் கொட்டினான். மாமி தட்டி மடக்கிய ரின்கள் யாரோ வீட்டு மீன்தலைக்கு மேலே விழுந்தன. வெறும் பைகளை ஒழுங்காக மடித்து எங்களிடமே திருப்பித் தந்தான்.

"தம்பி, பிரிச்செல்லே தந்தனாங்கள்?"

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "என்னக்கா செய்யிறது. பெட்டி ஒண்டு. கொண்டுபோய்க் கொட்டுற இடமும் ஒண்டு."

அவனில் எனக்குக் கோபமில்லை. கையில் உறை இல்லாமல், காலில் ரப்பர் செருப்போடு நின்று அந்த வேலையைச் செய்கிறவனிடம் கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அடுத்த செவ்வாய் 14 வீட்டில் ஐந்து வீடுதான் பை வைத்தது. அதற்கடுத்த கிழமை இரண்டு. இப்போது பொழுதுபட்டால் ஒழுங்கையில் திரும்பவும் புகை எழும்புகிறது.

அந்தப் புகையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பிளாஸ்ரிக்கை வெளியில் எரிக்கக்கூடாது என்று 2017 செப்டெம்பரில் வர்த்தமானி வந்தது. அது எங்களுக்குத் தெரியும். பொலித்தீன் புகை நெஞ்சுக்கு என்ன செய்யும் என்பதை இழுப்பு வருத்தமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாயும் சொல்லுவாள். ஆனால் வன்னியில் குப்பைக்கு நெருப்பு வைப்பதில் வேறு ஊர்களுக்கு இல்லாத பயமும் ஒன்று உண்டு. மீள்குடியேறி வந்த வருடங்களில் வளவு துப்புரவாக்கி, கூட்டிக் குவித்து நெருப்பு வைத்த இடத்தில், மண்ணுக்குள் கிடந்தது வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகள் எத்தனை! எங்கள் ஒழுங்கையிலும் 2011இல் ஒரு ஓலைக் குவியல் வெடித்தது. பிள்ளைகள் அப்போதுதான் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். பக்கத்தில் நின்ற தென்னையின் அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் காயம் இன்னும் கிடக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்றுவரை முடியவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு குடும்பம் வளவுக்குள் நெருப்பு மூட்டாமல் இருப்பதற்கு உதவுவதும் சபையின் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உக்கும் குப்பையை எங்கள் ஊர் வீடுகளிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். இலங்கையில் வீட்டுக் கழிவில் பாதிக்கு மேற்பட்டது சாப்பாட்டு மிச்சமும் இலைகுழையும்தான். கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிறவருக்கு அதை வைக்க இடமில்லை. சபைதான் எடுக்க வேண்டும். எங்களுக்கு வளவு இருக்கிறது. கஞ்சித்தண்ணியும் தவிடும் மாட்டுக்கு, மரக்கறித்தோல் ஆட்டுக்கு, மீன்செதில் தென்னைக்கு, மிச்சம் வாழையடிக் கிடங்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் போகிற இடம் இருக்கிறது. உக்குவதற்கும் ஒரு பை வைத்து "இதையும் தாருங்கள்" என்று நீங்கள் கேட்டதால், கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்ததையும் சில வீடுகள் பையில் போடத் தொடங்கின. அந்த ஈரந்தான் பெட்டிக்குள் மற்ற எல்லாவற்றையும் நாறடித்து, கடதாசியை ஊறவைத்து, போத்தலை அழுக்காக்கி, விற்கக்கூடியதை விற்க முடியாததாக ஆக்குகிறது. நான்கு கிலோமீற்றர் கிரவல் றோட்டில் டீசல் எரித்து நீங்கள் பழத்தோலைச் சுமக்கிறீர்கள்.

காணி இல்லாத வீடு, சந்தை, சந்திச் சாப்பாட்டுக்கடை, கல்யாண மண்டபம் இவற்றின் கதை வேறு. அங்கே உக்கும் கழிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். தனியாக எடுக்க வேண்டும். சந்தைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் கோவா இலையையும் வாழைத்தண்டையும் வேறெதிலும் கலக்காமல் எடுத்தால், ஒழுங்காகப் புரட்டித் தண்ணி தெளித்து மூன்று மாதத்தில் நல்ல சேதனப் பசளை வரும்.

சேதனப் பசளை என்றதும் 2021 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். வன்னியில் வயல் செய்கிறவர்கள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் கமக்காரர். கார்த்திகையில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் காலபோகம் போனது போனதுதான். அப்போது எங்கள் வீட்டுக்காரர் எங்கோ அலைந்து பத்து மூட்டை பசளை வாங்கி வந்தார். குப்பையிலிருந்து செய்தது. மிளகாய்ப் பாத்திக்குப் போட்டோம். நாலாம் நாள் பாத்திக்குள் இறங்கியவரின் குதிக்காலில் போத்தல் ஓடு ஏறியது, ஐந்து தையல். பசளையை அரித்துப் பார்த்தேன். சொப்பிங் பையின் கிழிசல், சோடா மூடி, யோகட் கப்பின் விளிம்பு, ஒரு பற்றரி. வாங்கும்போது ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக, மண்வாசத்தோடுதான் இருந்தது. கலந்த குப்பையைப் பிறகு எப்படி அரித்தாலும் இதுதான் வரும். அதற்குப் பிறகு சபைப் பசளை என்றால் எங்கள் பக்கத்தில் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்கிறார்கள். நல்ல பசளை செய்து காட்டினால் அந்த எண்ணம் மாறும், ஆனால் இரண்டொரு போகம் எடுக்கும்.

எங்களிடம் நீங்கள் எடுக்க வேண்டியது உக்காதது. அதைத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அதிலும் எல்லாம் ஒன்றல்ல. இரும்பு, தகரம், பித்தளை, கடினப் பிளாஸ்ரிக், கடதாசி மட்டை இவற்றுக்கு ஆள் இருக்கிறார். லான்ட்மாஸ்ரரில் மணி அடித்துக்கொண்டு வரும் பழைய இரும்புக்காரர் காசு தந்து எடுப்பார். அவர் தொடாதது பால்மா, பிஸ்கற், நூடில்ஸ், ஷம்போ பைக்கற்றுகள். பிளாஸ்ரிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய அடுக்குகளை லேசில் பிரித்து உருக்க முடியாது, ஆகவே வாங்க ஆளில்லை. லஞ்ச் சீற்றைத் தொடமாட்டார். பம்பேர்ஸைத் தொடமாட்டார். உடைந்த கண்ணாடியையும் தொடமாட்டார். ஆக, விலை போகிறது ஊரைவிட்டுப் போகிறது, விலை போகாதது வாய்க்காலுக்குப் போகிறது. சபையின் பெட்டி முதலில் எதற்கு வரவேண்டும் என்று இதிலிருந்தே தெரியும்.

எங்கள் சிவப்பி செத்தது அந்தப் பைகளால்தான். நாலு கன்று போட்ட நல்ல பசு. வெட்டு முடிந்த வயலில் கட்டாக்காலியாக மேய்ந்து, பின்னேரம் தானாகவே பட்டிக்கு வந்துவிடும். ஒருநாள் அசைபோடவில்லை. அடுத்த நாள் தண்ணி தொடவில்லை. வயிறு இடப்பக்கம் ஊதி மத்தளம் மாதிரி நின்றது. மிருக வைத்தியர் வந்து எண்ணெய் பருக்கினார், ஊசி போட்டார், ஆறாம் நாள் போய்விட்டது. வெட்டிப் பார்த்தபோது இரைப்பைக்குள் பொலித்தீன் முறுக்கி, கயிறு திரித்த மாதிரி ஒரு பந்து. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம். சோறும் கறியும் ஒட்டியிருந்த லஞ்ச் சீற்றை உப்புக்காகவே மாடு விழுங்கும். விழுங்கியதை அதனால் கக்க முடியாது. சந்தியில் வாரக்கணக்கில் கிடந்த குவியலிலிருந்துதான் அது தின்றிருக்க வேண்டும். மாடு வளர்க்கும் ஊர்களில் இது எல்லா வீட்டுக் கதையும்தான்.

மாட்டுக்கு நடப்பது யானைக்கும் நடக்கும். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பைமேட்டுக்கு வந்து தின்று பழகிய யானைகளில் எட்டு வருடத்துக்குள் இருபதளவில் செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. எங்கள் சபையின் குப்பை போவதும் ஒரு காட்டுக்கரைக்குத்தான். வேலி இல்லை, மூடும் மண் இல்லை. மாரியில் அந்த மேட்டிலிருந்து ஓடுகிற தண்ணி எந்தக் குளத்துக்குப் போகிறது என்று சபையில் யாராவது ஒருதரம் நடந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஐப்பசி மழையில் அந்த ஓடையோடு ஒன்றரை மணித்தியாலம் நடந்தேன். அந்தக் குளத்தின் கீழே எத்தனை கிணறு இருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2018 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது கிளுவை வேலியெல்லாம் ஆளுயரத்துக்குப் பொலித்தீன் தொங்கியது. மதகுகள் அடைத்த இடங்களில் தண்ணி வீட்டுக்குள் வந்தது.

கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் 2017 சித்திரை வருடப்பிறப்பன்று குப்பைமலை சரிந்து 32 பேர் மண்ணோடு போனார்கள். வன்னியில் அந்த அளவுக்கு மலை இல்லை. வைக்கும்போதே ஒழுங்காக வைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு பொருள் இருக்கிறது. இவற்றைப் பற்றி எந்த ஒலிபெருக்கியும் சொல்லவில்லை. ஒன்று, களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல். போகத்துக்குப் போகம் வயல்வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும் அவை குவிகின்றன. சிலர் கழுவி மண்ணெண்ணெய் வைக்கிறார்கள். ஒரு வீட்டில் நல்லெண்ணெய் வைத்திருந்ததைக் கண்டு கையோடு வாங்கி எறிந்தேன். அவற்றை மூன்றுதரம் அலசி, அலசிய தண்ணியை அடிக்கிற தாங்கிக்குள்ளேயே விட்டு, அடியில் ஓட்டை போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளோடு பேசி, வருடத்துக்கு இரண்டுதரம், விதைப்பு முடிந்து மருந்தடித்த கையோடு ஒரு நாள் வைத்தால் போதும். மற்றது, ஊசி. சீனி வருத்தத்துக்கு வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இப்போது எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர். அந்த ஊசிகள் பையோடு போகின்றன. உறையில்லாத கையால் அந்தத் தம்பி அவிழ்க்கிறான். மூடி இறுகிய ஒரு பிளாஸ்ரிக் போத்தலுக்குள் போட்டு வைக்கச் சொல்லி நாங்கள் பழக்கிவிட்டோம். அந்தப் போத்தலை எங்கே கொடுப்பது என்று ஆஸ்பத்திரியோடு பேசித் தீர்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

கிராமத்துச் சனத்துக்குப் பழக்கம் போதாது, விழிப்புணர்வு வேண்டும் என்று கூட்டங்களில் பேசும்போது எனக்கு மனம் நொந்துபோகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் ஒரு விரல் மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். சைக்கிள் ரியூப் துண்டில் செருப்பு வார் வெட்டினோம். எறிய ஒன்றும் இருக்கவில்லை. 2002இல் பாதை திறந்து சாமான் வந்தது. சாமானைச் சுற்றி வந்ததும் கூடவே வந்தது. அதை என்ன செய்வதென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை, அதை எடுக்க ஒருவரும் வரவுமில்லை. ஐந்து கிழமை பால்மாப் பைக்கற்றைக் கொடியில் காயப்போட்ட பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்லாதீர்கள். பிரிக்காத குப்பையை எடுப்பதில்லை என்று 2016 நவம்பரில் நாடெங்கும் அறிவித்தார்கள். நாங்கள் பிரித்தோம். கலந்தது சபையின் பெட்டியில்.

சட்டத்தில் 93ஆம் பிரிவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றும் கடமையை அந்தப் பிரிவில் உங்களுக்குத் தந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கடுத்தது. சேகரித்த குப்பை சபையின் சொத்து, அதை விற்கவும் சபைக்கு முழு அதிகாரம் உண்டு என்கிறது 94. அப்படியானால் போன வருடம் சபை தன் சொத்தில் எவ்வளவை விற்றது, எவ்வளவை எரித்தது? இந்தக் கணக்கைச் சபை வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். மாதம் எத்தனை பெட்டி, எத்தனை கிலோ விற்றது, என்ன காசு, டீசல் எவ்வளவு. சங்கத்தில் சமபோசா மாவும் முட்டைக் காசும் எழுதிய என்னால் அதை வாசித்து விளங்கிக்கொள்ள முடியும், மற்றவர்களுக்கும் முடியும்.

புதுப் பெட்டி வாங்கக் காசில்லை என்று சொல்வீர்கள். அது வேண்டாம். கிழமைக்கு ஒருதரம் எல்லாவற்றையும் எடுக்க வருவதை விட்டு, எங்களைப் போன்ற உள்ளூர்களுக்கு மாதத்தில் ஒருதரம், உக்காததற்கு மட்டும் வாருங்கள். உலர்ந்த குப்பை நாறாது, புழுக்காது, மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும். இருக்கிற அதே உழவு இயந்திரத்தில் மூன்று கிராமம் கூடச் சுற்றலாம். மழைக்காலத்தில் மட்டும் இரண்டுதரம் வந்தால் நல்லது, போத்தலிலும் சிரட்டையிலும் தண்ணி நின்று கிழமைக்குள்ளே டெங்கு நுளம்பு பறக்கிறதே. கொண்டுபோவதை இறக்கி வைக்க நாலு தூணும் ஒரு தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் போதும். அதற்குள் போத்தலுக்கு ஒரு அறை, பிளாஸ்ரிக்குக்கு ஒரு அறை, மட்டைக்கு ஒரு அறை. எங்கள் ஊரில் வேலையில்லாமல் இருக்கும் பெண் தலைமைக் குடும்பங்கள் எத்தனை என்று கிராமசேவையாளரிடம் கேளுங்கள்; அந்தக் கொட்டிலை நடத்த ஆள் தேட நீங்கள் தூரம் போகத் தேவையிருக்காது. மிச்சமாகும் பம்பேர்ஸுக்கும் பைக்கற்றுக்கும் ஒழுங்கான கிடங்கு, களிமண் அடித்தளத்தோடு, வேலியோடு, குளத்து நீரேந்து பகுதிக்கு வெளியே. அதற்குக் காசு வேண்டும், நேரம் வேண்டும், தெரியும். அதைக் கேட்டு மாகாண சபையிடமும் அமைச்சிடமும் நீங்கள் போகும்போது எங்கள் சங்கமும் கையெழுத்து வைக்கும்.

சோலைவரி போலக் குப்பைக்கும் காசு கேட்கும் எண்ணம் இருப்பதாக ஒரு உறுப்பினர் சொன்னார். கட்டுவோம். பெட்டி வந்து, பிரித்தது பிரித்தபடி போவதைக் கண்ட பிறகு கட்டுவோம். அதற்கு முன் கேட்டால் நான்தான் முதல் ஆளாக வேண்டாம் என்பேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் தம்பிக்குக் கையுறையும் சப்பாத்தும் ஏற்புத்தடை ஊசியும் கொடுங்கள். இதற்குத் தீர்மானம், திட்டம், ஆலோசகர் ஒன்றும் வேண்டாம். இந்தக் கிழமையே செய்யலாம்.

வருகிற மாதச் சபை அமர்வில் நானும் ஒழுங்கையின் இன்னும் நாலு பெண்களும் பார்வையாளர் பக்கத்தில் இருப்போம். மாமியும் வருவதாகச் சொல்கிறார். எங்கள் மாட்டுக்கொட்டில் சிவப்பி போனபின் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதற்குள் 11 உரப்பை கட்டி வைத்திருக்கிறோம். போத்தல் நாலு, தகரம் இரண்டு, கழுவிக் காய்ந்த பைக்கற்று ஐந்து. எந்தத் திகதி வருவீர்கள் என்று சொல்லுங்கள், படலையடிக்குத் தூக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முன்னாள் பொருளாளர்